திரும்பி வரும் பேருந்து

கம்பம்மெட்டு முக்கில் நேற்று ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சுக்கடையிலிருந்து நேராக வந்தது. மை இன்னும் முழுதாகக் காயவில்லை. அந்த ஊரின் காற்றில் எப்போதும் நிற்கும் ஏலக்காய் வாசனையைக்கூட அது அமுக்கிவிட்டது. ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற அந்த நெடி எனக்கு எப்போதும் தலைவலி தருவது. நேற்று அது பிடித்திருந்தது. டீக்கடை வாசலில் நின்றபடி, கடைசி மூலையைக் கம்பி முறுக்கிக் கட்டி முடிக்கும் வரை பார்த்தேன். பேனரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன்னை வேலையை விட்டு அனுப்பிய பயிற்சி நிலையத்தின் இயக்குநர். தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார். கன்னம் கொஞ்சம் பருத்திருக்கிறது. படத்துக்குக் கீழே, அரசு வேலைத் தேர்வு எழுதுவோருக்கு ஞாயிறு காலை இலவச மாதிரி வகுப்பு என்று போட்டிருக்கிறது. பாடம், வாதத்தின் அவசிய அனுமானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி. அதற்கும் கீழே சிவப்பில், 'எங்கள் புகழ்பெற்ற மேசை முறையில்'. கடைசி வரி, 'அனைவரும் வருக'.

அனைவரும் என்றால் நானும்தான்.

அவரை நான் 'அவர்' என்றே எழுதுகிறேன், கவனித்தாயா? இத்தனை வருடம் செய்தி எழுதியதில் கற்றுக்கொண்டது அது. மரியாதையைக் குறைத்து எழுதினால் படிப்பவர்கள் எழுதியவளின் கோபத்தைப் பார்ப்பார்கள். மரியாதையோடு எழுதினால் அவர் செய்ததைப் பார்ப்பார்கள்.

அந்த மேசை உன்னுடையது. ஏலப்பாறையில் பேக்கரிக்கு மேலே உன் வகுப்பறை. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம் இருவரும் தங்கிய அறை. பெருமாட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், தலையில் நரை தட்டத் தொடங்கிய வயதில் மறுபடி ஒரே அடுப்பில் சமைத்தோம். நான் பத்திரிகைக்காக மலைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். நீ பயிற்சி நிலையத்தின் ஏலப்பாறைக் கிளைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்க வந்தாய். தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண்ணான உனக்கு அங்கே பொறுக்க முடியாமல் போனது குளிரல்ல, தேங்காயைக் கடையில் வாங்க வேண்டியிருந்ததுதான். கடைக்காரர் முதல் நாள் ஒரு தேங்காயை எடுத்துத் தட்டில் வைத்ததும் நீ பதறிப்போனாய்.

"ஏனுங்க, தேங்காயப் போயி தராசுல வெக்கறீங்க?"

"பின்ன எங்கம்மா வைக்கச் சொல்லுதிய? தலையிலயா?" என்றார் அவர்.

அறைக்கு வந்தும் நீ சிரிப்பை நிறுத்தவில்லை.

வகுப்பறை மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் என் பத்திரிகையின் ஒரு தாளை மடித்துச் சொருகியிருந்தாய். "உன்ற பேப்பரு இப்பத்தான் அம்மிணி ஒரு சோலிக்கு ஆச்சு" என்று என்னைச் சீண்டினாய். பிறகு அதையே பாடமாக்கினாய். மேசை மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைப்பாய். குனிந்து காகிதத்தை உருவுவாய். மேசை ஆடும், தண்ணீர் தளும்பும்.

"ஆடுதல்ல? உளுந்துச்சா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப இது தொணை. இருந்தா நல்லது. இல்லாட்டியும் மேசை நிக்கும்."

அந்தக் குட்டைக் காலின் திருகாணி ஏற்கெனவே கழன்றிருந்தது. அடுத்ததாக அந்தக் காலையே இழுத்துவிடுவாய். மேசை சரியும், டம்ளர் உருண்டு முன்வரிசைப் பெண்ணின் பாவாடையை நனைக்கும், வகுப்பு முழுக்கச் சிரிக்கும். "இதுதான் கால். பரீட்சையில கேக்கறது இந்தக் காலை, அந்தப் பேப்பரை இல்ல. ஒவ்வொரு விடையா எடுத்து, அது இல்லீன்னு வெச்சுப் பாருங்க. வாதம் உளுந்தா அதுதான் அவசிய அனுமானம். ஆட மட்டும் செஞ்சா அடுத்த விடைக்குப் போங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் செய்தி எழுதிக்கொண்டே இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதன் பிறகு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் என்ன சொருகியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு செய்தியையும் நான் அனுப்பியதில்லை.

பாலக்காட்டில் தங்கிப் படிக்க ஓர் இலவச வகுப்பு என்று நிலையம் அறிவித்தது அந்த வருடத்தில்தான். சாப்பாடு, தங்குமிடம், புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு நுழைவுத் தேர்வில் தேறினால் இடம். உன்னிடம் படித்த தோட்டத்துப் பெண்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. தேயிலைக் காட்டுக்கு நடுவே வரிசையாக நிற்கும் லயங்களில் பிறந்தவர்கள். வீடுகூடத் தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போகும். அவர்களில் கெட்டிக்காரி ராஜகனி. அவள் அப்பா தேயிலை ஆலையில் இருந்தார், அம்மா கொழுந்து எடுப்பவர். அந்த இடம் கிடைத்தால் அவள் குடும்பத்திலேயே தோட்டத்துக்கு வெளியே சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான்.

தேர்வறையில் மேற்பார்வை உனக்கு. லயத்துப் பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இன்னொருத்தி வராதபடி, நடுநடுவே டவுன் பிள்ளைகளை வைத்து நீயே இடம் பிரித்தாய். "நம்ம புள்ளைங்க மேல ஒரு சொல்லு வந்தறக் கூடாது அம்மிணி" என்றாய். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. மறக்காமல் வைத்திருப்பதுதான் என் தொழில்.

கேள்வி இது. உனக்கு மனப்பாடம், இருந்தாலும் முழுதாக எழுதுகிறேன்.

'மலையூர் ஒன்றிலிருந்து நகரத்துக்குக் காலையில் கூடுதலாக ஒரு பேருந்து விடப்பட்டுள்ளது. ஆகவே, இனி அவ்வூரிலிருந்து கல்லூரிக்குச் செல்வோரின் எண்ணிக்கை உயரும். இந்த வாதத்துக்கு அவசியமான அனுமானம் எது?'

'அ. காலைப் பேருந்து போதாததால் கல்லூரிக்குப் போகாமல் இருந்தவர்கள் அவ்வூரில் உண்டு. ஆ. காலையில் போகிறவர்கள் மாலையில் திரும்பி வரவும் பேருந்து உண்டு. இ. கல்லூரியில் படித்தவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கும். ஈ. பேருந்துக் கட்டணம் குறைவு.'

சரியான விடை 'அ'. பேருந்து இல்லாததால் யாருமே நின்றுவிடவில்லை என்றால், புதுப் பேருந்தால் எண்ணிக்கை எப்படி உயரும்? வாதம் விழுந்துவிடும். 'ஆ' இல்லாவிட்டால் ஆடும், அவ்வளவுதான். மாலையில் பேருந்து இல்லாவிட்டால் ஜீப் உண்டு, நடை உண்டு, விடுதி உண்டு. டவுன் பிள்ளைகள் 'அ' என்று எழுதினார்கள். லயத்துப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் 'ஆ' என்று எழுதினார்கள்.

இயக்குநர் பாலக்காட்டிலிருந்து காரில் வந்தார். வகுப்பறையில் உன்னை நிற்க வைத்துப் பேசினார். தடுப்புப் பலகைக்கு மறுபக்கம் ஒரு செய்தியாளர் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

"ஒரே கேள்வி, ஒரே தப்பு விடை. அத்தனை தோட்டத்துப் புள்ளைகளும். இதுக்கு என்னங்க அர்த்தம், டீச்சர்?"

"தனித்தனியா உக்கார வெச்சிருந்தனுங்க, சார். பக்கத்துல இருந்ததெல்லாம் டவுன் புள்ளைங்க. அதுங்க சரியா எழுதியிருக்குது. பாத்து எழுதியிருந்தா இதுங்களும் சரியாத்தானுங்க எழுதியிருக்கோணும்?"

"சைகை காட்டியிருக்கலாம். சரியான விடைன்னா எல்லாரும் ஒண்ணா எழுதறது நியாயம். தப்பு எப்படிங்க ஒண்ணாகும்? அவங்கவங்க தப்பு அவங்கவங்களுக்கு வேற வேறயாத்தானே இருக்கும்?"

அதுதான் அவர் வாதத்தின் கால். ஒரே தப்பை யாரும் தனித்தனியாகச் செய்ய மாட்டார்கள். அதை இல்லை என்று வைத்தால் அவர் கட்டியது முழுதும் சரியும். நீ அதைத்தான் பிடித்தாய்.

"ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுக் கேட்டனுங்க, சார். எல்லா வீட்டுலயும் ஒரே கதைதான். சாயங்கால பஸ்ஸு மஞ்சு எறங்கினா வராது. அதனாலயே படிப்ப நிறுத்துன அக்காளோ சித்தியோ ஒவ்வொரு வீட்டுலயும் இருக்குதுங்க."

"வாழ்க்கை வேற, ரீசனிங் வேற. கேள்வியில இல்லாததை உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுக்கறீங்க?"

"ஆமாங்க. அதனாலதான் அது தப்புங்கறேன். மார்க்குக் குடுக்காதீங்க. ஆனா அது அவிங்க சொந்தத் தப்புங்க, சார். களவாண்டது இல்ல."

பலகைக்கு இந்தப் பக்கம் என் பேனா நின்றுவிட்டது. நீ பேசியதிலேயே சரியான வாக்கியம் அது. அதற்கு அவர் சொன்ன பதில், "உங்களையும் சேர்த்துத்தான் டீச்சர் யோசிக்க வேண்டியிருக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்துக்குப் பெற்றோர்களை வரச் சொன்னார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அறிவித்தார். தோட்டத்துப் பிள்ளைகள் காப்பியடித்தார்கள், மேற்பார்வையாளர் அதற்குத் துணை போனார், அவர்கள் எழுதிய தேர்வு செல்லாது, அந்த ஆசிரியை இனி நிலையத்தில் இல்லை. ஒலிபெருக்கி வாசலில் கட்டியிருந்தது. கடைத்தெரு முழுக்கக் கேட்டது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்த ராஜகனியின் அம்மா எழுந்து மகளிடம் போனார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒருவன் உரக்கச் சொன்னான்: "தேயிலைத் தோட்டத்துல காப்பி வெளையுதாம்லா!" கடையே சிரித்தது. ஊர் ரொம்ப நாள் விடாமல் வைத்திருந்த சிரிப்பு அது.

ராஜகனி அழுதுகொண்டே நம் அறைக்கு வந்தாள். நீ அவளுக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாய். அவள் சொன்னதையும் நான் எழுதிக்கொண்டேன்.

"போறதுக்கு என்ன டீச்சர், யாரும் போயிருவா. எங்கம்மா அதக் கேக்க மாட்டா. 'எப்பிடிட்டீ திரும்பி வருவ?'ன்னுதான் கேப்பா. எங்கக்கா ஒரு நாளு பஸ் வராம நடந்தே வந்தா. மறுநா அவ பையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா எங்கம்மா. அந்தக் கேள்வியப் படிச்சதும் எனக்கு அந்தப் பைதான் டீச்சர் ஞாபகம் வந்துச்சு."

நான் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். நீ வந்து என் கையைப் பிடித்தாய்.

"எழுதாத அம்மிணி."

"ஏன்?"

"நீ எழுதுனா அந்தாளுக்கு ஒரு நாளு தலைகுனிவு. இந்தப் புள்ளைங்களுக்கு ஆயுசுக்கும் பேரு. காப்பியடிக்கலீன்னுதான் நீ எழுதுவே. படிக்கறவனுக்குக் காப்பிங்கறது மட்டும்தான் மனசுல நிக்கும். நாளைக்கி இதுங்களுக்கு ஒரு வேலை, ஒரு கலியாணம்னு வரோணுமல்ல?"

நீ சொன்னது சரி. அன்றும் சரி, இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன். மூடி வைத்தேன். ஆனால் எழுதாமல் வைத்த செய்தி எனக்குள் ஆறவில்லை. நாளாக ஆக அது ஊறிக் காரமேறியது.

நீ பெருமாட்டிக்குப் போய்ச் சேர்ந்தாய். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டவர்களிடம் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். நான் வரும்போதெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்து, "இதைத் தராசுல வெக்கலீங்க" என்று சிரித்தாய். யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. அவரைப் பற்றி ஒரு சொல் திட்டவில்லை. நான் திட்டும்போதெல்லாம், "உடு அம்மிணி, அந்தாளும் பொழைக்கோணுமல்ல" என்பாய். ஒரே ஒரு தடவை, பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "சொன்னதுகூடப் பரவால்ல. மைக்குல சொல்லிப்போட்டாரு. அதைத் திருப்பி எடுக்கோணும்னா எந்த மைக்குல எடுக்கறது?"

அதை நீ மறந்திருப்பாய். நான் வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன்.

போன வருடம், தோப்பில், நடுப்பகலில் உன் இதயம் நின்றது. செய்தி வந்ததும் என் மனசில் முதலில் ஓடியது அவர் முகம்தான். அவர்தான் காரணம் என்று எழுத வேண்டும் போலக் கை பரபரத்தது. அந்த வாதத்தையும் நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சோதித்தேன். உன் அம்மாவுக்கும் இதே நோய் இருந்தது. நீ மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டாய். கால் நிற்கவில்லை. ஆகவே எழுத மாட்டேன். அவர் செய்யாத ஒன்றை அவர்மேல் போட மாட்டேன். செய்ததே எனக்குப் போதும்.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் ஏலப்பாறையில் மறுபடி கிளை திறக்கப் போவதாக விளம்பரம் வந்தது. அதில்தான் முதன்முதலாக 'மேசை முறை'யைப் பார்த்தேன். உன் மேசை, உன் டம்ளர், உன் மடித்த காகிதம். எங்கேயும் உன் பெயர் இல்லை. காப்பிக்குத் துணை போனதாகச் சொல்லி உன்னை அனுப்பியவர் அப்பட்டமாகக் காப்பியடித்திருந்தார். நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன். ஒரு எதிரி இப்படித் தானாக வந்து கையில் விழுவது என் தொழிலில் அபூர்வம்.

ராஜகனியைத் தேடிப் போனேன். சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நாலு மொழி பேசுகிறாள். அதற்குப் பிறகு ஒரு பரீட்சையும் எழுதவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வந்தும் நிரப்பாமல் வைத்துவிடுவதாகச் சொன்னாள். நான் நினைத்திருப்பதைச் சொன்னேன். செய்தியில் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"பேரு வராமலா? எதுக்குக்கா?" என்றாள். "மறைச்சு மறைச்சுத்தான அத்தன பேரும் காப்பிக்காரியாவே கெடக்கோம். எம் பேரப் போடுங்க. எங்கப்பா பேரயும் சேத்துப் போடுங்க. மத்தவளுவள்ட்டயும் நான் கேட்டுச் சொல்லுதேன்."

கேட்டுச் சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். அப்படியானால் என்னைத் தடுக்க நீ வைத்த காரணம் அதோடு போயிற்று என்று நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஏலப்பாறைக் கிளைக்கான மாதிரி வகுப்பு அதே சமுதாயக் கூடத்தில் நடந்தது. பிள்ளைகளோடு பெற்றோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் கம்பளிச் சால்வை போர்த்திய பெண்கள். சிலர் விரலில் கொழுந்துக் கறை. நானும் ராஜகனியும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அவர் மேசையை ஆட்டினார், காகிதத்தை உருவினார், டம்ளரைக் கவிழ்த்தார். நன்றாகவே செய்தார், சொல்லியாக வேண்டும். உன்னைப்போலச் சிரிக்க வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிறகு மைக்கில் சவால் விட்டார்.

"யாரு வேணும்னாலும் ஒரு கேள்வி குடுங்க. எந்தக் கேள்வியானாலும் இந்த முறையில உடைச்சுக் காட்டறேன்."

நான் எழுந்து நின்று அந்தக் கேள்வியைச் சொன்னேன், நான்கு விடைகளோடும். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. உன் வாழ்க்கையை மாற்றிய கேள்வியை அவர் மறந்துபோயிருந்தார். அதற்காகவே அவரைத் தனியாக ஒரு முறை வெறுத்துக்கொண்டேன்.

கேள்வியை மைக்கில் திரும்பப் படித்துவிட்டு, "என்னம்மா, எது விடை?" என்று முன்வரிசையைக் கேட்டார்.

"ஆ தான்!" என்றார் சால்வை போர்த்திய ஒரு பெண்.

"ஆ தான், ஆ தான்!" கூடத்தின் நடுவிலிருந்தும் மூலைகளிலிருந்தும் குரல்கள் வந்தன.

"போன புள்ள வர வேண்டாமா சாரே? காலம்பற பஸ்ஸ மட்டும் விட்டுட்டா ஆச்சா?" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

எல்லோரும் அப்படிச் சொன்னார்கள் என்று எழுதினால் பொய். கடைத்தெரு மருந்துக்கடைக்காரர் மட்டும் கையைத் தூக்கி, "அ" என்றார்.

இயக்குநர் மகிழ்ந்துபோனார். "அண்ணன் சொல்றதுதான் சரி! பாத்தீங்களா, இத்தனை பேரும் ஒரே தப்பைப் பண்றீங்க. தனித்தனியாத்தான் யோசிக்கறீங்க, ஆனா எல்லாரும் ஒரே எடத்துலதான் வழுக்கறீங்க. ஏன்னா உங்க வாழ்க்கையைக் கேள்விக்குள்ள கொண்டு வர்றீங்க!"

மைக்கில் சொன்னார். ஒலிபெருக்கி வாசலில் கட்டியிருந்தது.

நான் உட்காரவில்லை. "யாரைப் பாத்து எழுதினாங்க, சார்?" என்றேன்.

"என்னங்க?"

"இத்தனை பேரும் ஒரே தப்பு விடை சொன்னாங்கல்ல. யாரு யாருக்குச் சைகை காட்டினாங்க?"

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அது அவர் முகத்தில் நிதானமாக ஏறியதை நான் பார்த்தேன். உன் சார்பாகவும் பார்த்தேன். எத்தனையோ பேர் பிடிபட்டதை நேரில் கண்டு எழுதியிருக்கிறேன். இப்படி ருசித்துப் பார்த்ததில்லை.

ராஜகனி எழுந்தாள். "எம் பேரு ராஜகனி, சார். இதே கேள்விக்கு நானும் ஆன்னுதான் எழுதுனேன். இதே கூடத்துல, இதே மைக்குல நீங்க என்னையக் காப்பிக்காரின்னு சொன்னிய. எங்க டீச்சர வேலைய விட்டு நிறுத்துனிய. இப்ப இவியல்லாம் யாரப் பாத்துக் காப்பியடிச்சாவ?"

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மாமார்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர், "ஏ, நம்ம ஆலைக்காரர் மவள்லா" என்றார் மெல்ல.

இயக்குநர் மேடையைவிட்டு இறங்கி எங்கள் பக்கம் வந்தார். வரும் வழியிலேயே மைக்கின் பொத்தானை அணைத்தார். பக்கத்தில் குனிந்து, "காப்பியடிக்கலை, சரிங்களா? அன்னிக்கு நிலைமை வேற. போதுங்களா?" என்றார்.

"மைக்கப் போட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள் ராஜகனி.

வகுப்பு முடிந்தது என்று சொல்லி அவர் காருக்குப் போய்விட்டார்.

செய்தியை அன்றே எழுதினேன். ஒரு அடைமொழி கிடையாது. கேள்வி, நான்கு விடைகள், கூடம் சொன்ன விடை, மைக்கில் அவர் சொன்ன வாக்கியம், பல வருடம் முன்பு அதே மைக்கில் சொன்ன அறிவிப்பு, ராஜகனியின் பெயர், அவள் அப்பா பெயர். அச்சிடும் முன் அவர் தரப்பைக் கேட்டேன். கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்றார். அதையும் போட்டேன். கடைசி வரி: 'தோட்டத்துப் பெண்கள் காப்பியடிக்கவில்லை என்று இயக்குநர் சொன்னபோது மைக்கை அணைத்திருந்தார்.'

ஏலப்பாறைக் கிளை திறக்கவில்லை. அதற்காக ஏலப்பாறைப் பேருந்து நிறுத்தத்தில் கட்டிய பேனரை மட்டும் அவிழ்க்க யாரும் வரவில்லை. மழைக்காலம் முழுதும் அது அங்கேயே நனைந்தது. முதலில் சிவப்பு எழுத்துகள் வடிந்தன. பிறகு அவர் பல்வரிசை. பிறகு ஒரு கண். வேலையே இல்லாத நாளிலும் அந்த நிறுத்தத்தில் இறங்கி, அதைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறியிருக்கிறேன்.

ஒரு நாள் அவர் அழைத்தார்.

"மேடம், போனவங்க போயிட்டாங்க. உங்களுக்கு இனி என்னதாங்க வேணும்?"

"மைக்கு, சார்."

"என்னது?"

"மைக்குல சொன்னதை மைக்குல திருப்பி எடுங்க. ராஜகனி பேரு, மத்தப் புள்ளைங்க பேரு, எங்க டீச்சர் பேரு. அவ்வளவுதானுங்க."

"இது பழி வாங்கற வேலைங்க."

"ஆமாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டார். இப்போது மலையின் இன்னொரு ஓரத்துக்கு, கம்பம்மெட்டுக்கு வந்திருக்கிறார். இங்கே யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார் போலும். அந்த நினைப்பும் ஒரு கால்தான். ஞாயிற்றுக்கிழமை அதை உருவப் போகிறேன். ராஜகனி விடுதியில் வேலைமுறை மாற்றிக்கொண்டாள். அந்தப் பெண்களில் வர முடிந்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வருகிறாள். காலையில் போகப் பேருந்து இருக்கிறது. திரும்பி வர மாலையில் உண்டா என்று முதல் வேலையாக ராஜகனிதான் விசாரித்தாள்.

நேற்று கம்பம்மெட்டிலிருந்து திரும்பும் வழி முழுக்க உன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. உடு அம்மிணி, அந்தாளும் பொழைக்கோணுமல்ல. சட்டையில் ஏலக்காய் மணம், அதற்கு மேல் அந்த ஃபிளெக்ஸ் நெடி. நீ இருந்தால் என்னை இந்தப் பேருந்தில் ஏறவே விட்டிருக்க மாட்டாய். இது அத்தனையும் உனக்காகத்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் உன் சம்மதம் இதற்கு அவசியமா?

நீ சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். உன் சம்மதம் இல்லை என்று வைத்துப் பார்த்தேன். இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன்.

மேசை ஆடியது. நன்றாகவே ஆடியது, தண்ணீரும் கொஞ்சம் தளும்பியது. ஆனால் விழவில்லை.

அது கால் இல்லை, அம்மிணி. மடித்த பேப்பர்.